தேயிலை மலைக் கானில் கிடைத்த கரித்துண்டின் வயதை எப்படி அறிவது?

ஊவாமலை ஆசிரியர் எழுதியது:

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மீள்நடுகைக்காக மலையைச் சீர்செய்து வருகிறார்கள். அங்கே மழைநீர் வடிவதற்குப் புதிதாகக் கான் வெட்டியபோது, மேல்மண்ணிலிருந்து ஏறக்குறைய மூன்றடி ஆழத்தில், ஒரு சாண் தடிப்புள்ள கறுத்த மண்படை ஒன்று வெளிப்பட்டது. கான் வெட்டியவர்களுள் ஒருவரின் மகன் என் வகுப்பில் படிக்கிறான். அவன் அந்தப் படையிலிருந்து சில கரித்துண்டுகளையும், தடித்த மட்பாண்ட ஓடுகள் ஐந்தாறையும், விளிம்பு கூரான வெள்ளைக் கற்சில்லுகள் சிலவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு எடுத்து வந்தான்.

"சேர், இது எத்தனை வருடம் பழையது?" என்பதுதான் வகுப்பின் முதற் கேள்வி. காபன் முறையில் கணிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகு மாணவர்கள் தொடுத்த கேள்விகளுக்கு என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அளக்கப்படுவது கரியா, ஓடா, கல்லா? தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் எஞ்சியிருப்பதை மட்டும் வைத்துக் காலத்தை எப்படிச் சொல்வது? கோப்பிக் காலத்தில் காட்டை எரித்த கரியாக அது இருந்தால், அதையும் காபன் முறை காட்டிக் கொடுக்குமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்வ மிகுதியால் ஓடுகளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டேன். கரித்துண்டுகளைப் பஞ்சில் பொதிந்து அலுமாரியில் வைத்திருக்கிறேன். இது பிழையென்றால் தெரிவியுங்கள்; திருத்திக்கொள்ள முடிந்ததைத் திருத்திக்கொள்கிறேன்.

---

அட்டன் இரசாயனம் எழுதியது:

உங்கள் மாணவர்கள் கேட்டவை நல்ல கேள்விகள். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் முதல் இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். அகழ்வு பற்றிய கேள்வியைத் தொல்லியல் படித்தவர்களிடம் விடுகிறேன்.

காபன் முறை எந்தப் பொருளுக்கும் அது செய்யப்பட்ட நாளைச் சொல்வதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். ஓர் உயிரினம் வளியிலிருந்து காபனைப் பெறுவதை நிறுத்திய நாளிலிருந்து எவ்வளவு காலம் கழிந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே கரி, விதை, எலும்பு, நத்தை ஓடு, நார் முதலிய உயிர்ப்பொருட்களையே அதனால் அளக்க முடியும். மண்ணைச் சுட்டுச் செய்த ஓட்டின் களியையோ, வெள்ளைக் கல்லையோ அதனால் நேரடியாக அளக்க முடியாது.

அண்டக்கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது நியூத்திரன்கள் தோன்றுகின்றன. அவை நைதரசன் 14 அணுக்களைத் தாக்கி அவற்றைக் காபன் 14 ஆக்குகின்றன. இந்தக் காபன், ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகி, ஒளித்தொகுப்பின் வழியே இலைக்கும், இலையைத் தின்ற விலங்குக்கும், இரண்டையும் உண்ட மனிதனுக்கும் வந்து சேர்கிறது. உயிருள்ள ஒரு தேயிலைச் செடியிலோ, நம் உடலிலோ ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி காபன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் காபன் 14 இருக்கும். அது ஓயாமல் சிதைந்து மீண்டும் நைதரசனாகிக்கொண்டே இருந்தாலும், உயிர் இருக்கும்வரை உணவும் மூச்சும் அந்தக் குறையை நிரப்பிவிடுகின்றன. உயிர் போனபின் நிரப்புவதற்கு ஒன்றுமில்லை. சிதைவு மட்டும் தொடர்கிறது. தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்பதற்கான விடையும் இதுதான்: அந்த உயிர் வாழ்ந்த காலத்து வளியில் என்ன விகிதம் இருந்ததோ, அதே விகிதத்தில்தான் அதன் உடலிலும் இருந்தது.

காபன் 14 இன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள். வகுப்பில் இதை விளக்க நான் புளியங்கொட்டைகளைப் பயன்படுத்துவது வழக்கம். தாயம் விளையாட உரைப்பதுபோல ஒரு பக்கத்தை வெள்ளை தெரிய உரைத்த 200 கொட்டைகளைத் தரையில் வீசி, வெள்ளை மேலாக விழுந்தவற்றை அகற்றிவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் வீசச் சொல்வேன். எந்தக் கொட்டை எப்போது வெளியேறும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழப் பாதி குறையும் என்பதை மாணவர்கள் தாமே எண்ணிக் கண்டுகொள்வார்கள். அவ்வாறே 5,730 ஆண்டுகளில் பாதியும், 11,460 ஆண்டுகளில் காற்பங்கும், 17,190 ஆண்டுகளில் அரைக்காற்பங்கும் எஞ்சும். 50,000 ஆண்டுகளானால் தொடக்கத்தில் இருந்ததில் 0.24 சதவீதமே எஞ்சும். அதற்கு அப்பால் இந்த முறையை நம்ப முடியாது.

இதை அளப்பதில்தான் பெரிய முன்னேற்றம் நிகழ்ந்திருக்கிறது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் வில்லர்ட் லிபி 1940களின் பிற்பகுதியில் இந்த முறையை உருவாக்கியபோது, சிதைவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரங்களை அளந்து, விடை பொருந்துகிறதா என்றும் பார்த்தார். 1960 இல் அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இக்காலத்து மரத்தின் ஒரு கிராம் காபனில்கூட நிமிடத்துக்கு 14 சிதைவுகள் அளவிலேயே நிகழும். ஒரு மில்லிகிராமில் ஒரு நாள் முழுவதும் காத்திருந்தாலும் 20 அளவில்தான் எண்ணலாம். அதே மில்லிகிராமில் இன்னும் சிதையாத காபன் 14 அணுக்கள் ஏறத்தாழ 6 கோடி இருக்கின்றன. சிதைவுக்குக் காத்திராமல், அணுக்களை மிகுவேகத்தில் பாயவைக்கும் ஆர்முடுக்கியில் செலுத்தி, நிறையின்படி பிரித்து, நேரடியாக எண்ணும் முறை 1970களின் பிற்பகுதியில் வந்தபோது, ஒரு நெல்மணியே போதும் என்ற நிலை உருவானது. உங்கள் மாணவனின் பையிலிருக்கும் கரி அளவில் தாராளமாகப் போதும். அது எங்கிருந்து வந்த கரி என்பதுதான் கேள்வி.

---

பேராதனைத் தொல்லியல் எழுதியது:

அட்டன் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் பேராதனையில் தொல்லியல் படித்தவள். மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் மீள்நடுகைக் கான்களை நன்கு அறிவேன்.

ஆய்வுகூடம் தரும் எண் கரிக்குரியது. அந்தக் கரிக்கும் ஓட்டுக்கும் கல்லுக்கும் உள்ள உறவை ஆய்வுகூடத்தால் சொல்ல முடியாது. அது மண்படையில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒரே படையில், ஒரே அடுப்பின் சாம்பலுக்குள், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன என்றால் கரியின் காலத்தை ஓட்டுக்கும் கொடுக்கலாம். மேற்சரிவிலிருந்து மழைநீர் கரியை அடித்து வந்து, பழைய ஓடுகளின்மேல் சேர்த்திருந்தால் அந்த உறவு பொய்யாகிவிடும். நம் மலைச்சரிவுகளில் மண்சரிவும் அரிப்பும் புதிதல்ல. சேர், இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்: பைக்குள் வந்துவிட்ட கரியின் வயதை எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், அது படையின் எந்த இடத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் விடையின் பாதி போய்விடும். அதனால் கானின் சுவரில் இன்னும் எஞ்சியிருக்கும் கறுத்த படையே உங்களிடமுள்ள மிகப் பெறுமதியான பொருள். அதை இனி எவரும் தோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பிக் காலத்துக் கரி பற்றிய உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின், அதே நிலங்களில் தேயிலை பரவியது. ஆகவே எந்தத் தோட்டத்திலும் கரி கிடைக்கலாம். அதற்கு முன்னர் காட்டை எரித்துப் பயிரிடும் சேனைக்காகவும் எரித்திருப்பார்கள். இவற்றோடு முதுமரச் சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மரத்தின் உள்வைரம், மரம் வெட்டப்படுவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே காபன் பெறுவதை நிறுத்திவிடுகிறது. முந்நூறு வயதான ஒரு காட்டு மரத்தை 1845 இல் எரித்திருந்தால், அதன் நடுவைரத்துக் கரி 1500களின் நடுப்பகுதியைக் காட்டும். எரித்தவரின் காலத்தைக் காட்டாது. இதனால்தான் நாங்கள் பெருமரக் கரியைவிட, ஓராண்டே வாழ்ந்த தானியம், விதை, கொட்டை, சுள்ளி ஆகியவற்றைத் தேடுகிறோம். தமிழ்நாட்டில் பொருந்தலில் ஈமச்சின்னத்துக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 490 என்ற காலம் கிடைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நெல் ஒரு போகத்தில் விளைந்து முடிவது, கல்லறைக்குள் வைக்கப்பட்டது. அங்கே பொருளுக்கும் நிகழ்வுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு.

நம் நாட்டிலும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. அட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்குப் போகும் பேருந்து கித்துள்கலையைக் கடக்கிறது. அதற்கு அண்மையிலுள்ள பெலிலெனக் குகையில், 30,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்து மனிதர் வாழ்ந்த தடயங்களுக்குக் காபன் முறையால் காலம் கணிக்கப்பட்டது. அங்கும் குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலெனக் குகையிலும் கருகிய காட்டுக் கெக்குணக் கொட்டையின் ஓடுகள் கிடைத்தன. மனிதர் உண்டு எறிந்த கொட்டை என்பதால், அது கருகிய காலமும் மனிதர் வாழ்ந்த காலமும் ஒன்றே. அதே குகைகளில் ஏராளமாகக் கிடைக்கும் நத்தை ஓடுகளில் கூடுதல் கவனம் தேவை. நத்தை மண்ணிலுள்ள பழைய சுண்ணாம்பையும் தின்று ஓடு கட்டுவதால், அந்த ஓடு உண்மையைவிட முதுமை காட்டக்கூடும்.

ஓட்டன் சமவெளியின் சதுப்பு நிலமும் நம் மலையகத்தின் காலக்கணக்கேடுதான். அங்குள்ள முற்றா நிலக்கரிப் படைகளை (சதுப்பில் அரைகுறையாக மக்கிய தாவரப் படிவுகளை) துளையிட்டு எடுத்து, படிப்படியாகக் காபன் முறையால் காலம் குறித்து, அதில் சிக்கிய மகரந்தங்களை எண்ணி, ஏறத்தாழ 24,000 ஆண்டுக்காலத்துப் பருவமழையின் ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு படைக்கு மேலே படிந்த படை எப்போதும் இளையது என்ற ஒழுங்கு அங்கே குலையாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. கானும் தேயிலை வேரும் மண்ணைக் கிளறும் முள்ளுக் குத்தலும் நிறைந்த உங்கள் மலையில் அந்த ஒழுங்கு குலைந்திருக்கிறதா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனிப் பஞ்சைப் பற்றி. பஞ்சு தாவர நார். அண்மையில் வளியிலிருந்து காபன் பெற்றது. கரியின் பிளவுகளில் அதன் இழைகள் ஒட்டிக்கொண்டால் மாதிரி இளமையாகத் தோன்றும். 1 சதவீதம் புதுக்காபன் கலந்தால் ஆயிரம் ஆண்டுக் கரியில் ஏறத்தாழப் பத்தாண்டுப் பிழைதான் வரும். ஆனால் 30,000 ஆண்டுக் கரியில் அதே 1 சதவீதம் 2,500 ஆண்டுகளுக்கும் மேலாகக் குறைத்துக் காட்டும். பதற வேண்டாம். ஆய்வுகூடத்தில் உருப்பெருக்கியின் கீழ் இழைகளையும் வேர்களையும் நீக்கியபின், ஐதான அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று கழுவி, மண்ணிலிருந்து ஊறிய பொருட்களை அகற்றுவார்கள். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, கரியைப் பஞ்சிலிருந்து எடுத்து, கை படாமல் அலுமினியத் தாளில் பொதிந்து, இடமும் ஆழமும் நாளும் எழுதி வைப்பதே.

இன்னொன்று. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி இப்படியான பொருட்களைக் கண்டெடுத்தால் அறிவிக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாடசாலையின் பெயரால் எழுதுவது நல்லது.

---

ஊவாமலை ஆசிரியர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை மலைக்குச் சென்று பார்த்தேன். கானின் மேற்பக்கச் சுவரில் கறுத்த படை இரண்டு பாகம் (கைவிரிப்பு) நீளத்துக்கு அப்படியே இருக்கிறது, கீழ்ப்பக்கம் வெட்டப்பட்டுவிட்டது. படைக்குள் தேயிலையின் ஆணிவேர் ஒன்று இறங்கியிருப்பதையும் கண்டேன். எலும்பு எதுவும் கண்ணில் படவில்லை.

மாணவர்கள் வெள்ளைக் கல்லை விடுவதாக இல்லை. கல்லிலும் கதிர்த்தொழிற்பாடுள்ள மூலகங்கள் இருக்கின்றனவே, பூமியின் வயதையே அப்படித்தான் கண்டார்களே, பிறகு இந்தக் கல்லின் வயதை ஏன் காண முடியாது என்று ஒரு மாணவி கேட்கிறாள். கழுவிய ஓடுகள் முற்றாகப் பயனற்றுப் போய்விட்டனவா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

---

இரத்தினபுரி நிலவியல் எழுதியது:

அந்த மாணவிக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். கல்லின் வயது என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அது அந்தக் கல்லை உடைத்துச் செய்த கருவியின் வயதல்ல. மலையகத்தின் உருமாறிய பாறைகள் ஏறக்குறைய 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து இறுகியவை. அந்த வயது, பாறைகளிலுள்ள சிர்க்கன் என்ற சிறு மணிகளில் யுரேனியம் ஈயமாகச் சிதைவதை அளந்து பெறப்பட்டது. யுரேனியம் 238 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் என்பதால், அந்தக் கடிகாரம் மலைகளின் வயதை அளப்பதற்கு ஏற்றது. அந்த மலையின் வெள்ளைக் கல்லை ஒருவர் உடைத்துச் சில்லாக்கியபோது அணுக்களில் எந்த மாற்றமும் நிகழவில்லை. கடிகாரம் மீண்டும் தொடங்கவில்லை. ஆகவே அது உடைத்த நாளை அறியாது.

காபன் முறையில் உயிர் போவது கடிகாரத்தைத் தொடக்கிவைக்கிறது. பொற்றாசியம் ஆகன் முறையில் எரிமலைக் குழம்பு உறைவது தொடக்கிவைக்கிறது. உருகிய நிலையில் ஆகன் வாயு வெளியேறிவிடுவதால், உறைந்தபின் பொற்றாசியம் 40 சிதைந்து உண்டாகும் ஆகனை மட்டும் அளக்கலாம். தன்சானியாவின் ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் ஆதி மனிதர் எச்சங்கள் கிடந்த எரிமலைச் சாம்பலுக்கு 17.5 இலட்சம் ஆண்டுகள் என்று 1961 இல் கணித்தது இப்படித்தான். நம் மலைகளில் அத்தகைய சாம்பற் படைகள் இல்லாததால் அந்த முறை இங்கே உதவாது. சுண்ணக்கற் குகைகளில் நீர் சொட்டிச் சொட்டி வளரும் தூண்களிலும் முருகைக்கற்களிலும் யுரேனியம் தோரியமாகச் சிதைவதை அளந்து, ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுகள்வரை போகலாம். நம் மலையகக் குகைகள் பெரும்பாலும் கடும்பாறை ஒதுக்கிடங்கள் என்பதால் அதற்கும் வாய்ப்புக் குறைவு.

ஆனால் உங்கள் ஓடுகளுக்கும் மண்ணுக்கும் பொருந்தும் முறை ஒன்று உண்டு. மண்ணிலும் களியிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவை ஓயாமல் சிதைந்து, அருகிலுள்ள குவாட்சு என்ற பளிங்குக் கனிம மணிகளின்மேல் கதிர்வீசிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதிர்வீச்சால் இடம்பெயரும் இலத்திரன்களில் சில, பளிங்கு அமைப்பின் குறைபாடுகளில் சிறைப்பட்டு, ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. சூளையின் வெப்பமோ, வெயிலோ பட்டால் சிறை திறந்து எல்லாம் வெளியேறிவிடும். எனவே ஓட்டில் சேர்ந்திருப்பது அதைச் சுட்ட நாளிலிருந்து சேர்ந்தது. புதைந்த மண்ணில் சேர்ந்திருப்பது அது கடைசியாக வெயில் கண்ட நாளிலிருந்து சேர்ந்தது. ஆய்வுகூடத்தில் மணிகளைச் சூடாக்கியோ, ஒளி பாய்ச்சியோ அந்த இலத்திரன்களை விடுவிக்கும்போது வெளிப்படும் மெல்லொளியை அளந்து, மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று கண்டு, அதை ஓராண்டுக்குரிய கதிர்வீச்சால் வகுத்தால் காலம் கிடைக்கும்.

இதனால் நீங்கள் கழுவியது பேரிழப்பு அல்ல. ஒளி பட்ட மேற்புறத்தை ஆய்வாளர்கள் எப்படியும் ஓரிரு மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சீவி அகற்றிவிட்டு, உள்ளிருப்பதை மங்கிய செவ்வொளியில் எடுப்பார்கள். ஆனால் ஓடு கிடந்த இடத்து மண் அவர்களுக்கு வேண்டும். ஓராண்டுக்குரிய கதிர்வீச்சை அந்த மண்ணிலிருந்துதான் கணிக்க முடியும். மண்ணின் ஈரம்கூடக் கணக்கில் வரும், ஏனெனில் நீர் கதிர்வீச்சை ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். கழுவியதால் போயிருக்கக்கூடியது ஓட்டின் புறத்தே படிந்த புகைக்கரியும் உள்ளே ஒட்டியிருந்த உணவுக்கரியும்தான். ஓட்டின் நுண்துளைகளுக்குள் ஊறிய கொழுப்பு எளிதில் போகாது. அந்தக் கொழுப்பமிலங்களைத் தனியாகப் பிரித்துக் காபன் முறையால் பானையின் காலத்தையே கணிக்கும் வழியைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2020 இல் வெளியிட்டிருக்கிறார்கள். எஞ்சிய ஓடு ஏதேனும் சுவரில் இருந்தால் அதைக் கழுவ வேண்டாம்.

வெள்ளைக் கற்சில்லுகள் கருவிகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுவிஸ் நாட்டுச் சரசின் சகோதரர்கள் 1907 இல் இலங்கைக்கு வந்து கற்காலத்தைத் தேடியபோது, பண்டாரவளைப் பகுதிக் குன்றுகளிலும் இத்தகைய சில்லுகளைக் கண்டார்கள். அதற்கு முன்பே, மஸ்கெலியாவில் ஜோன் போல் என்ற தோட்டத்துரை கற்கருவிகளைச் சேர்த்திருந்தார். ஆனால் நம் தேயிலை மண் அமிலத்தன்மை மிகுந்தது. எலும்பு அதில் கரைந்துவிடுகிறது. திறந்த குன்றுகளில் கல் மட்டும் எஞ்சி, காலம் சொல்லும் எலும்பும் கரியும் அருகில் இல்லாமல் போவதே வழக்கம். கரியோடு கூடிய படை அங்கே கிடைத்திருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வகுப்பில் சொல்வதற்கு இன்னொரு செய்தி. கதிர்த்தொழிற்பாட்டால் கல்லின் வயதைக் கணிக்கும் கலை தொடங்கிய காலத்திலேயே நம் நாட்டுக் கல் ஒன்று அதில் பங்குபெற்றது. பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கனமான கறுத்த கனிமம் ஒன்றை, இலங்கைக் கனிமவள ஆய்வின் பொறுப்பிலிருந்த ஆனந்த குமாரசுவாமி 1904 இல் ஆராய்ந்தார். அது தோரியம் நிறைந்த புதிய கனிமம் என்று அறியப்பட்டு, தோரியனைற்று என்று பெயர் பெற்றது. கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். 1905 இல் ஒட்டோ ஹான் இலங்கையிலிருந்து சென்ற அந்தக் கனிமத்தை ஆராய்ந்தபோதே ரேடியோதோரியம் என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளைக் கண்டறிந்தார். சில ஆண்டுகள் கழித்து ரொபர்ட் ஸ்ட்ரட் அதே கனிமத்தில் சிதைவால் ஈலியம் வாயு எவ்வேகத்தில் உண்டாகிறது என்று அளந்து, கல் குறைந்தது எவ்வளவு பழையது என்று கணித்தார்.

---

கொத்மலை வாசகர் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கோப்பிக் காலத்தில் கட்டப்பட்டது என்று பாட்டி சொல்வார். கூரையில் இன்னும் பழைய மர வளை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டை அனுப்பினால் ஆண்டைச் சொல்வார்களா? கீழடிக்குக் கி.மு. 580 என்று ஒரே ஆண்டைச் சொன்னார்களே?

---

அட்டன் இரசாயனம் எழுதியது:

தம்பி, இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. காபன் 14 வளியில் எக்காலமும் ஒரே அளவில் இருந்தது என்று லிபி எடுத்துக்கொண்டார். சூரியனின் செயற்பாடும் பூமியின் காந்தப்புலமும் மாறும்போது அந்த அளவும் மாறியிருக்கிறது என்று பின்னர் தெரிந்தது. எனவே ஆண்டுக்கு ஒரு வளையமாக வளரும் மரங்களின் வளையங்களைப் பின்னோக்கி எண்ணி, ஒவ்வொன்றிலும் காபன் 14 ஐ அளந்து, ஒரு திருத்தக் கோடு வரைந்திருக்கிறார்கள். மரவளையங்கள் முடியும் இடத்துக்கு அப்பால் ஏரிப் படிவுகளும் குகைத் தூண்களும் முருகைக்கற்களும் கைகொடுக்க, 2020 இல் வெளியான கோடு 55,000 ஆண்டுகள்வரை போகிறது. ஆய்வுகூடத்தில் 'இற்றைக்கு முன்' என்று எழுதும்போது 'இன்று' என்பது 1950 ஆம் ஆண்டு என்று உலகம் முழுவதும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்; பத்திரிகைகளில் இது அடிக்கடி குழம்பிவிடுகிறது.

அந்தக் கோடு நேர்கோடல்ல. சில இடங்களில் படுத்துக் கிடக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரையுள்ள பகுதி அப்படிப் படுத்த ஒன்று. அக்காலத்துப் பொருள் எதுவாயினும், நூற்றாண்டுகள் அகன்ற ஒரு வீச்சாகவே விடை வரும். கீழடியில் 353 சென்றிமீற்றர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 580 என்பதையும் அந்தப் பகுதிக்குரிய ஓர் எண்ணாகவே வாசிக்க வேண்டும். இதனால் கீழடியின் பழமை குறைந்துவிடாது. ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதைவிட, வெவ்வேறு ஆழத்து மாதிரிகள் பல, ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே நியாயம். ஒழுங்காகப் பொருந்தும் மாதிரி வரிசை அகன்ற வீச்சையும் குறுக்கித் தரும்.

1650 க்கும் 1950 க்கும் இடைப்பட்ட காலம் இன்னும் சிக்கலானது. கோடு அங்கே மேலும் கீழுமாக வளைவதால், ஒரே அளவீடு 1680களுக்கும் 1700களுக்கும் 1800களுக்கும் ஒருங்கே பொருந்திவிடுகிறது. உங்கள் வளையின் விடை, "இந்த மூன்று நூற்றாண்டுகளுள் ஏதோ ஒரு காலம்" என்று வந்துவிடும். மரம் வெட்டிய ஆண்டுதான் லயம் கட்டிய ஆண்டு என்றும் சொல்ல முடியாது. பழைய மரத்தை எடுத்துப் புதிய கூரையில் வைப்பது நம் வழக்கம். தோட்டத்தின் பழைய நிலப்படம், சம்பளப் புத்தகம், பிறப்பு இறப்புப் பதிவு, செங்கல்லில் பதித்த அடையாளம் ஆகியவை இந்தக் கேள்விக்குக் காபன் 14 ஐவிடச் சிறந்த சாட்சிகள். பாட்டி சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். அந்தச் சாட்சியத்தை எந்த ஆய்வுகூடத்தாலும் பின்னர் பெற முடியாது.

ஊவாமலை ஆசிரியருக்கும் இதிலிருந்து ஒரு பயன் உண்டு. கரி கோப்பிக் காலத்ததானால், முதுமரத்தின் உள்வைரமாக இல்லாதவரை, காபன் முறை அதை 1650 க்குப் பிற்பட்டது என்று மட்டும் சொல்லும். அது ஆயிரமோ, பல்லாயிரமோ ஆண்டுகள் பழையதானால், கோப்பிக் காலத்துக் கரி என்ற ஐயம் ஒரே அளவீட்டில் நீங்கிவிடும்.

---

ஊவாமலை ஆசிரியர் எழுதியது:

உங்கள் அறிவுரைகளின்படி இன்றுவரை செய்ததைத் தெரிவிக்கிறேன். தோட்ட முகாமையாளரிடம் பேசினேன். அந்தக் கானை ஆறு பாகம் மேலே திருப்பி வெட்டுவதற்கு உடன்பட்டார். கறுத்த படையுள்ள சுவருக்கு முன்னால் மண்மூட்டைகளை அடுக்கி, மேலே கறுத்த பொலித்தீன் விரித்து, மழைநீர் வேறு பக்கமாக ஓட வாய்க்கால் அமைத்திருக்கிறோம். கரித்துண்டுகளை இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதிந்துவிட்டேன். தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிய கடிதத்தில், பொருட்களைக் கண்ட தொழிலாளரை முதலிலும் அவருடைய மகனை அடுத்தும் குறிப்பிட்டிருக்கிறோம். பையன் தான் எடுத்த இடத்தைச் சுவரில் விரலால் காட்டினான். ஓடுகளில் மூன்றும் கரியும் ஒரே கையளவு இடத்தில், மற்றவை அதற்குச் சற்றுத் தள்ளி. அதை அவனையே வரையச் சொல்லி, வரைபடத்தைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

---

பேராதனைத் தொல்லியல் எழுதியது:

அந்த வரைபடம் மிகவும் உதவும், சேர். அதில் இன்னும் ஓர் அளவைச் சேர்த்துவிடுங்கள். ஆழத்தை மேல்மண்ணிலிருந்து மட்டும் அளந்தால், மீள்நடுகைக்கு மண் வெட்டியபின் மேல்மண்ணே மாறிவிடும். அருகில் அசையாத பாறையோ, பாதையோரத்து மதகோ இருந்தால், அதில் ஓர் அடையாளமிட்டு, அங்கிருந்து நீர்மட்டக் குழாயால் படையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் எவ்வளவு கீழே இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். தேயிலை வேர் படைக்குள் இறங்கிய இடத்தையும் குறியுங்கள். மாதிரி எடுக்க வருபவர்கள் அந்த இடத்தைத் தவிர்த்து எடுப்பார்கள்.